யாரென்று கேளாத வாசல்

விருந்தோம்பலை அறமாகப் போற்றும் மரபுகளில் பெரும்பாலானவை அதை ஒரு வீட்டின் பொறுப்பாகவே கருதுகின்றன. திருக்குறள் அதை இல்லறவியலுள், நூலின் ஒன்பதாம் அதிகாரமாக வைத்து, இல்லம் நடத்துவதன் நோக்கத்தோடேயே பிணைத்துவிடுகிறது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் ஆபிரகாம் மம்ரேயின் மரங்களருகே தம் கூடார வாசலில் அமர்ந்திருக்கும்போதுதான் முன்பின் அறியாத மூவரைக் கண்டு எழுந்து ஓடுகிறார். அப்படியானால், வீடும் வீட்டுக்காரரும் இல்லாமல், கட்டணம் செலுத்துபவருக்கு அறை தரும் ஒரு நிறுவனத்தால் இந்த அறத்தைச் செய்ய இயலுமா என்ற கேள்வி எழுகிறது. சாதாரணத் தங்கும் விடுதியைப் பொறுத்தவரை இக்கேள்வி அவ்வளவு உறுத்துவதில்லை, ஏனெனில் அது தன்னை வீடென்று சொல்லிக்கொள்வதில்லை. பெருநகரின் நடுவே, பெரும்பாலும் பழைய கட்டடம் ஒன்றில், சில பத்து அறைகளோ நூறு சொச்சம் அறைகளோ மட்டும் கொண்டு, தனக்கென்று ஓர் அலங்காரத்தையும் ரசனையையும் வகுத்துக்கொண்டு இயங்கும் பூட்டிக் ஹோட்டல் அப்படியன்று. வருபவரைப் பெயர்சொல்லி அழைப்பதாகவும், அவருடைய மனப்போக்கை அறிந்து உபசரிப்பதாகவும், மற்ற விடுதிகளில் கிடைக்காத ஒரு நெருக்கத்தைத் தருவதாகவும் அது வாக்களிக்கிறது. ஆகவே விலைகொடுத்து வாங்கிய வரவேற்பு வரவேற்புதானா என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. காசு கைமாறிய கணமே விருந்து வணிகமாகிவிடுகிறது என்பது ஒன்று. பணியாளர் மனமார உபசரித்தால் காசு ஒரு பொருட்டில்லை என்பது மற்றொன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில், ஊதியத்துக்காக ஒருவர் தம் உணர்ச்சிகளையே வேலையாகச் செய்துகாட்ட வேண்டியிருப்பதை உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டு விளக்கினார். அதன்பிறகு இரண்டாவது விடையை ஐயமின்றிச் சொல்வது கடினமாயிற்று. ஆயினும் புன்னகை உண்மையானதா என்ற விசாரணை நெடுந்தூரம் செல்லக்கூடியதன்று. வீட்டுக்கு வந்தவருக்கு இலை போடும் இல்லத்தரசியின் புன்னகையும் எல்லா நாளும் உள்ளத்திலிருந்து எழுவதில்லை. அதனால் அவர் பரிமாறிய சோறு விருந்தாகாமல் போய்விட்டது என்று எந்த அறநூலும் தீர்ப்பளிக்கவில்லை. விலையையும் உள்ளத்தையும் சற்று ஒதுக்கிவிட்டு, வாசலில் என்ன நடக்கிறது, உள்ளே வர விரும்புபவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்று பார்ப்பதே இங்கு அதிகம் பயன்தரும்.

பூட்டிக் ஹோட்டலின் வரலாறே ஒரு வாசலின் வரலாறாக இருக்கிறது. 1952இல் மெம்ஃபிஸ் நகரில் கெமன்ஸ் வில்சன் தொடங்கிய ஹாலிடே இன் போன்ற சங்கிலி நிறுவனங்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரியான அறையைத் தருவதையே தம் பெருமையாகக் கொண்டிருந்தன. பயணிக்கு எதிர்பாராதது எதுவும் நேராது என்பதே அவற்றின் வாக்குறுதி. அந்த ஒருமைக்கு எதிர்வினையாக 1978இல் லண்டனில் அனூஷ்கா ஹெம்பலின் பிளேக்ஸ் விடுதியும், 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் பில் கிம்ப்டனின் பெட்ஃபோர்ட் விடுதியும் தோன்றின. எனினும் இவ்வகை விடுதிக்கு அதன் முழு இயல்பைத் தந்தது நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் 1984இல் திறக்கப்பட்ட மார்கன்ஸ் ஹோட்டல்தான். இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெல்லும் அதை நிறுவினர். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஆந்த்ரே புத்மான் அதன் உட்புறத்தை அமைத்தார். எல்லாப் பண்டமும் விற்கும் பல்பொருள் அங்காடிக்கும், தேர்ந்த சிலவற்றை மட்டும் வைத்திருக்கும் சிறுகடைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டி, பூட்டிக் என்ற பெயரை இவ்விடுதிக்கு வழங்கியவர் ரூபெல் என்று சொல்லப்படுகிறது.

இவ்விருவரும் அதற்கு முன் நடத்தியது ஒரு விடுதியன்று. 1977இல் அதே நகரில் அவர்கள் திறந்த ஸ்டூடியோ 54 என்ற இரவு நடனக்கூடம், உள்ளே நடந்ததற்காக எவ்வளவு பெயர்பெற்றதோ அவ்வளவுக்கு வாசலில் கட்டிய வெல்வெட் கயிற்றுக்காகவும் பெயர்பெற்றது. கயிற்றுக்கு இப்பால் நெருக்கியடித்து நின்ற கூட்டத்திலிருந்து யார் உள்ளே வரலாம் என்பதை ரூபெல்லே பல இரவுகள் நின்று தேர்ந்தெடுத்தார். நுழைவுக் கட்டணத்தைக் கையில் வைத்திருப்பது அங்கே போதாது. தோற்றம், உடை, புகழ், அல்லது வெளியே விளக்க முடியாத ஏதோ ஒரு பொருத்தம் வேண்டும். வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 1980இல் இருவரும் சிறை சென்று மீண்டபின் தொடங்கியதுதான் மார்கன்ஸ். அதன் முகப்பில் பெயர்ப்பலகை வைக்கப்படவில்லை. பெயர்ப்பலகை இல்லாத விடுதியைத் தேடி அடைபவர், அது அங்கே இருப்பதை ஏற்கெனவே அறிந்தவர்களின் வட்டத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார். களைத்து நடந்துவரும் வழிப்போக்கர் அவ்வாசலைக் கடந்து போய்விடுவார். கயிறு கண்ணுக்குத் தெரியாததாக மாறிற்றே ஒழிய, அது அவிழ்க்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஜெர்மானியச் சிந்தனையாளர் சிக்ஃபிரீட் கிராக்காவரின் ஒரு சிறு ஆய்வை நினைவுகூர வேண்டும். துப்பறியும் நாவலைப் பற்றி 1920களில் அவர் எழுதிய நெடிய ஆய்வின் ஒரு பகுதியாக அமைந்து, பின்னர் 1963இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுப்பில் இடம்பெற்ற அந்த எழுத்து, லாபி எனப்படும் ஹோட்டல் முகப்புக்கூடத்தைத் தேவாலயத்தோடு ஒப்பிடுகிறது. இரண்டும் அறியாதவர்கள் கூடும் இடங்கள். இரண்டிலும் வருபவர் தம் அன்றாடத் தொழிலையும் பதவியையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு விருந்தினராக நுழைகிறார். இரண்டிலும் ஒருவகை அமைதி நிலவுகிறது. ஆனால் தேவாலயத்தில் கூடியவர்கள் இறைவனை நோக்கிக் கூடியவர்கள், ஆதலால் அவர்களிடையே உண்டாகும் சமத்துவம் அந்த உறவிலிருந்து பிறக்கிறது. லாபியில் அமர்ந்திருப்பவர்கள் எதை நோக்கியும் கூடியவர்களல்லர், அவர்களுக்கு விருந்தளிப்பவர் முகமற்றவர், அவர்களிடையே உள்ள சமத்துவம் வெறுமையின் சமத்துவம் என்பது அவருடைய வாதம். செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சாய்விருக்கையில் அமர்ந்திருக்கும் மனிதர், கிராக்காவரின் பார்வையில், வழிபடுபவரின் தலைகீழ் உருவம்.

அவர் இதைக் குறையாகவே எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் வெறுமை என்று கண்டதில் ஒரு கொடை ஒளிந்திருந்ததை, நூறு ஆண்டுக்குப் பின் படிக்கும் வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது: அந்த லாபியில் அமர்ந்திருப்பவரிடம் நீ யார் என்று எவரும் கேட்கவில்லை. மார்கன்ஸுக்குப் பின் ஷ்ரேகரும் ரூபெல்லும் 1988இல் பிலிப் ஸ்டார்க்கின் வடிவமைப்பில் ராயல்டன் ஹோட்டலைத் திறந்தபோது, லாபியை நகரத்தாரே வந்து கூடும் அரங்காக மாற்றுவதைத் தம் கொள்கையாக வைத்துக்கொண்டனர். கிராக்காவரின் வெறுமை அங்கே நிரப்பப்பட்டது. நிரப்பியது இறைவனல்லன், ரசனை. அந்நியர்கள் ஒருவரையொருவர் கவனியாதிருந்த கூடம், ஒருவரையொருவர் கவனிப்பதற்காகவே வரும் கூடமாயிற்று. கூடியிருப்பவர்களை ஒன்றாக்கும் பொதுப்பொருள் ஒன்று அங்கே உண்டு என்ற அளவில் அது தேவாலயத்தை நெருங்குகிறது. அந்தப் பொதுப்பொருளை வருபவர் தம்மோடு கொண்டுவந்தாக வேண்டும் என்பதால் அதனின்றும் வெகுதூரம் விலகிவிடுகிறது.

கிராக்காவரின் சிந்தனையில் ஆழமான தடம் பதித்த கேயோர்க் சிம்மல், 1900இல் வெளியிட்ட பணத்தின் தத்துவம் என்ற நூலில், பணம் மனித உறவுகளை முகமற்றவையாக்குகிறது என்பதோடு நில்லாமல், அந்த முகமின்மையே ஒருவகை விடுதலை என்றும் காட்டினார். பண்ணையாருக்கு உடலுழைப்பாகக் கடன் செலுத்தியவர் அவருடைய ஆளாக இருந்தார். அதே கடனைப் பணமாகச் செலுத்தத் தொடங்கியபின் அவர் பண்ணையாருக்குத் தம் பணத்தை மட்டுமே தர வேண்டியிருந்தது. இந்த நோக்கில் பார்த்தால், விடுதியில் கட்டணம் வாங்குவது விருந்தோம்பலைக் கெடுக்கும் செயலாக மட்டும் தோன்றாது. அந்நியருக்கு அது ஒரு கேடயமாகவும் இருக்கிறது. நன்றிக்கடன் படாமல், குலம் கோத்திரம் சொல்லாமல், தம்மை விரும்பத்தக்கவராகக் காட்டிக்கொள்ளாமல் ஒருவர் ஓரிரவு தூங்கலாம்.

ஆங்கிலேயப் பொதுச்சட்டம் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டிருந்தது. இடமிருக்கும்போது, கட்டணம் தர ஆயத்தமாக இருக்கும் எந்தப் பயணியையும் தகுந்த காரணமின்றித் திருப்பியனுப்பும் உரிமை விடுதிக்காரருக்கு இல்லை என்பது அதன் பழைய விதி. மற்ற வணிகர்கள் தம் வாடிக்கையாளரைத் தேர்ந்துகொள்ளலாம். விடுதிக்காரர் தேர்ந்துகொள்ளக் கூடாது, ஏனெனில் இரவில் வழியில் நிற்பவருக்குத் தங்க வேறிடம் இல்லாமல் போகலாம். மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் 1943இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவதற்காக லண்டன் வந்தபோது, முன்பதிவு செய்திருந்த இம்பீரியல் ஹோட்டலில் நிறத்தின் காரணமாக அவருக்குத் தொடர்ந்து தங்க இடம் மறுக்கப்பட்டது. அவருக்கு வேறோர் இடத்தில் அறை கிடைத்துவிட்டது, பண இழப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஆயினும் 1944இல் நீதிபதி பர்க்கெட், மறுத்ததே தவறு என்று தீர்ப்பளித்து ஐந்து கினி இழப்பீடு வழங்கச் செய்தார். தொகை சிறிது. ஆனால் அத்தீர்ப்பின் தத்துவம் சிறிதன்று. விடுதிக்காரர் மீறிய கடமை, படுக்கை தருவது என்பதைவிட, வந்தவரைத் தேர்ந்தெடுக்காதிருப்பது என்பதாகவே அதில் வெளிப்பட்டது.

கடலுக்கு அப்பால் இக்கடமை இன்னும் மோசமாக மீறப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லமில் வாழ்ந்த அஞ்சல் பணியாளர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்டுவந்த பசுமை நூல் என்ற வழிகாட்டி, கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் பட்டியலிட்டது; கையில் பணமிருந்தும் கதவு திறக்காத நாட்டில் எந்தக் கதவு திறக்கும் என்று அறிவதே பயணத்தின் முதல் ஆயத்தமாக இருந்தது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பும் வந்த பின்னர்தான் அவர்களுடைய டாலருக்கும் மற்றவர் டாலருக்கும் வேறுபாடு காட்டுவது நாடெங்கும் சட்டவிரோதமாயிற்று. இந்தியாவிலும் நிலை வேறாக இருக்கவில்லை. வழிப்போக்கருக்கு இலவசமாகச் சோறிட்ட சத்திரங்கள் பலவற்றில் சாதிவாரியாகப் பந்தியும் இடமும் பிரிக்கப்பட்டிருந்தன. விலை இல்லாத இடத்திலும் தேர்வு இருந்தது. கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றுள் நுழைவதைச் சாதி, மதம், பாலினம் போன்றவற்றின் பேரில் தடுக்கலாகாது என்று அரசமைப்பின் 15ஆம் உறுப்பு தனியே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததற்கு அந்த அனுபவமே காரணம். தானமாகத் தருவதனாலேயே விருந்தோம்பல் தூய்மையடைந்துவிடும் என்ற எண்ணத்தை இந்த வரலாறு ஆதரிப்பதாகத் தெரியவில்லை.

விலையும் ஒரு மதில்தானே என்ற மறுப்பு இங்கே எழும், எழவும் வேண்டும். இல்லாதவரை அது வெளியே நிறுத்துகிறது, அதுவும் எந்தக் கயிற்றையும்விட உறுதியாக. ஆனால் அந்த மதிலின் உயரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அதைத் தாண்டியவரிடம் அது வேறெதுவும் கேட்பதில்லை. பூட்டிக் ஹோட்டல் விலையை நீக்கிவிட்டு ரசனையை வைக்கவில்லை. விலைக்கு மேலே ரசனையை வைக்கிறது, பணத்துக்கு இருந்த ஒரே நற்குணமான குருட்டுத்தன்மையை அதனிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

சமயமரபுகள் இந்தக் குருட்டுத்தன்மையை வேறு வழியில் தேடின. வரும் விருந்தினர் கடவுளாகவோ தேவதூதராகவோ இருக்கலாம் என்ற நம்பிக்கையின் உட்கிடை, அவர் யாரென்று அறிய முயலாதே என்பதுதான். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் இயல், வரும் எல்லோரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று கூறி, ஏழைகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் தனிக் கவனம் காட்டச் சொல்கிறது. செல்வரைப் பற்றிய அச்சமே அவர்களுக்கு மரியாதையை வாங்கித் தந்துவிடும் என்ற கூர்மையான காரணத்தையும் அது சேர்த்துச் சொல்கிறது. 66ஆம் இயல் வாசற்காப்பாளரைப் பற்றியது: முதிர்ந்த, அறிவுடைய ஒருவர் வாசலருகிலேயே தங்கியிருந்து, யாரேனும் கதவைத் தட்டியதும் இறைவனுக்கு நன்றி சொல்லிப் பதிலளிக்க வேண்டும். தட்டியவர் யாரென்று அறியும் முன்பே நன்றி சொல்லப்படுகிறது என்பது கருதத்தக்கது. ஆனால் இம்மரபுகளையும் அளவுமீறிப் புகழ வேண்டியதில்லை. வந்தவரோடு முதலில் சேர்ந்து செபித்து, அதன்பின்பே அவருக்குச் சமாதான முத்தம் அளிக்கும்படி அதே ஒழுங்கு எச்சரிக்கிறது, சாத்தானின் மாயையாக இருக்கலாம் என்பதால். பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் மழையிரவில் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்து சமைத்த விருந்து ஈடிணையற்றது. எனினும் அவ்விருந்து சிவனடியார் கோலத்தில் வந்தவருக்கு உரியது, அந்தக் கோலமே அங்கே ஓர் அறிமுகச் சீட்டு.

பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா 1990களில் இந்த முடிச்சையே நிபந்தனையற்ற விருந்தோம்பல், நிபந்தனைக்குட்பட்ட விருந்தோம்பல் என்று பிரித்துப் பேசினார். பெயரும் ஊரும் கேட்காமல் வருபவரை ஏற்பது முதலாவது. பெயரைக் கேட்டு, உரிமையையும் கடமையையும் எல்லையிட்டு ஏற்பது இரண்டாவது. முதலாவதை நடைமுறையாக்க இயலாது, அதைக் கைவிட்டால் இரண்டாவது பொருளிழந்துவிடும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் நிலைப்பாடு. பூட்டிக் ஹோட்டல் இந்தப் பிரிவினையில் ஒரு விந்தையான இடத்தைப் பிடிக்கிறது. அது நிபந்தனையற்ற விருந்தோம்பலின் தோற்றத்தை, கேட்காமலே எல்லாம் வந்துசேரும் அந்த இன்பத்தைத் தர விரும்புகிறது. அதைத் தருவதற்காக விருந்தினரின் பெயர், பிறந்தநாள், தலையணை விருப்பம், காலையில் குடிக்கும் பானம், முன்னர் தங்கிய நாட்கள் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொள்கிறது. இங்கே வியப்புக்கு ஆளாகிறவர் விருந்தினர் மட்டுமே; விருந்தளிப்பவருக்கு வியப்பு ஏதும் மிஞ்சுவதில்லை. ஆபிரகாம் தம் மூன்று விருந்தினரைப் பற்றிய குறிப்பேட்டை வைத்திருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காது.

நியூயார்க்கில் இந்த மாற்றம் கட்டடங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. செல்சி பகுதியில் எபிஸ்கோபல் திருச்சபையின் பழமையான இறையியல் கல்லூரி கடன்சுமையால் விற்றுவிட்ட தன் கட்டடத்தில் 2013இல் ஹை லைன் ஹோட்டல் திறக்கப்பட்டது. இன்னும் பொருள்பொதிந்த எடுத்துக்காட்டு, ஹட்சன் ஆற்றோரம் ஜேன் தெருவில் இருக்கும் செங்கல் கட்டடம். புராட்டஸ்டன்ட் சமயத்தொண்டு அமைப்பான அமெரிக்கக் கடலோடிகள் நண்பர் சங்கம் 1908இல் அதைக் கடலோடிகளின் இல்லமாகத் திறந்தது. கப்பலறை அளவேயான சிற்றறைகளை மிகக் குறைந்த வாடகைக்குத் தந்து, குடிவிடுதிகளும் ஏமாற்றுக்காரர்களும் காத்திருந்த துறைமுகத்தில் மாலுமிகளுக்கு ஒரு பாதுகாப்பான படுக்கையை ஏற்படுத்துவது அதன் நோக்கம். 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் உயிர்தப்பிய கப்பல் பணியாளர்கள் இங்கேதான் தங்கவைக்கப்பட்டனர். 2008இல் அது ஜேன் என்ற பெயரில் ஹோட்டலாயிற்று. சிற்றறைகள் அப்படியே விடப்பட்டன. சிக்கனத்தின் பொருட்டு அமைந்த நெருக்கம் வசீகரமாயிற்று. மாலுமியின் வறுமையை ஓர் அலங்காரமாக அனுபவிக்க வறுமை இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதை அக்கட்டடத்தைப் புகழ்ந்தவர்கள் அதிகம் பேசவில்லை.

இம்மானுவேல் கான்ட் 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதிய சிறு நூலில், அந்நியருக்கு ஒரு நாட்டில் உள்ள உரிமையை வருகையுரிமை, தங்கும் உரிமை என்று இரண்டாகப் பிரித்தார். பூமி உருண்டையானதால் மனிதர் முடிவின்றிச் சிதறிப் போய்விட முடியாது, ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும்; ஆகவே வந்த ஒருவரைப் பகைவராக நடத்தலாகாது. ஆனால் தொடர்ந்து தங்குவதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஹோட்டல் என்பது வருகையுரிமையை விலைக்கு விற்கும் இடம் என்று சொல்லலாம். நியூயார்க் நகரச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே வியக்கத்தக்க ஒரு கோடு கிழித்திருக்கிறது: சட்டப்படி ஓர் அறையில் தொடர்ந்து 30 நாள் தங்கிவிட்டவரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றக் கூடாது. மாதக்கணக்கில் வாடகை கொடுத்துத் தனியறைகளில் வாழ்ந்த எளியோரின் விடுதிகள் பல இந்நகரில் பூட்டிக் ஹோட்டல்களாக மாற்றப்பட்டபோது, அத்தகைய பாதுகாப்புப் பெற்ற பழைய குடியிருப்பாளர்கள் சிலர் போக மறுத்து அங்கேயே இருந்தனர். 2009இல் ஏஸ் ஹோட்டலாக மாறிய பழைய பிரெஸ்லின் கட்டடத்தில், ஓரிரவு விருந்தினரும் பல்லாண்டுக் குடியிருப்பாளரும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தது. அந்நியர் என்பவர் இன்று வந்து நாளை போகிறவரல்லர், இன்று வந்து நாளையும் இருப்பவர் என்று சிம்மல் 1908இல் தந்த வரையறையின்படி, அந்தக் குடியிருப்பாளர்களே கட்டடத்தின் உண்மையான அந்நியர்கள்.

2020ஆம் ஆண்டின் கோடையில் இக்கேள்வி முற்றிலும் திறந்த வெளிக்கு வந்தது. பெருந்தொற்று நெரிசலான காப்பகங்களில் பரவாமலிருக்க, மன்ஹாட்டனின் மேல் மேற்குப் பகுதியில் சுற்றுலாப் பயணிகளின்றிக் கிடந்த லூசர்ன் என்ற பூட்டிக் ஹோட்டலில், வீடற்ற ஆண்கள் முந்நூற்றுக்கு நெருக்கமானோரை நகராட்சி தங்கவைத்தது. அக்கம்பக்கத்தார் இரண்டாகப் பிரிந்தனர்: ஒரு சாரார் நிதி திரட்டி வழக்கறிஞரை அமர்த்தி அவர்களை அகற்ற முயன்றனர், மறு சாரார் அமைப்பாகத் திரண்டு அவர்களை வரவேற்றனர். எதிர்த்தவர்கள் சுட்டிய அச்சங்கள் எல்லாமே கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. போதைப் பழக்கமும் மனநோயும் வறுமையோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால் விலையின் பேரில் எழுந்த பூசல் இது என்று எவரும் சொல்ல இயலாது. அறைகளுக்குரிய தொகையைப் பொதுப்பணம் ஈடுகட்டியது. படுக்கைகள் அதே படுக்கைகள், கட்டடம் அதே கட்டடம். கட்டணம் செலுத்தப்பட்டுவிட்ட ஒரு ஹோட்டலின் வாசலில் மிஞ்சி நின்றது, வந்திருப்பவர்கள் யார் என்ற கேள்வி மட்டுமே. அதைக் கேட்கும் பழக்கத்தைத்தான் 1984 முதல் இவ்வகை விடுதிகள் நயமான ஒரு ரசனையாக நகருக்குக் கற்பித்துவந்திருந்தன.